மூன்று வார இடைவெளியில் இரண்டு விந்துப் பரிசோதனை அறிக்கைகள், இரண்டு விதமான எண்கள்: எதை நம்புவது?

உப்புவெளி வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. இன்னும் குழந்தை இல்லை. மனைவிக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கான், கருக்குழாய்க்குச் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என்று எல்லாம் செய்து, குறை எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் என்னை விந்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். திருகோணமலை நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் கொடுத்தேன். அளவு 1.0 மில்லிலீற்றர், செறிவு மில்லிலீற்றருக்கு 9 மில்லியன், அசைவு 20 சதவீதம், இயல்பான உருவம் 70 சதவீதம் என்று வந்தது. அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு நண்பர் சொன்னதற்காக வேறோர் ஆய்வுகூடத்தில் மீண்டும் கொடுத்தேன். அங்கே அளவு 2.4, செறிவு 31 மில்லியன், அசைவு 44 சதவீதம், ஆனால் இயல்பான உருவம் வெறும் 5 சதவீதம். ஒன்றில் எண்ணிக்கை குறைவாகவும் உருவம் நன்றாகவும், மற்றதில் எண்ணிக்கை நன்றாகவும் உருவம் மிக மோசமாகவும் இருக்கிறது. இந்த இடைக்காலத்தில் நான் எந்த மருந்தும் எடுக்கவில்லை. எதை நம்புவது? இத்துறையில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மூதூர் அக்கா

தம்பி, உங்கள் கேள்விக்கு ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள் பதில் சொல்லட்டும். நான் பல வருடங்கள் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகச் சென்றவள் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரில் ஆணின் பக்கத்திலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அப்படியிருந்தும், வலி தாங்கிக்கொண்டு எக்ஸ்ரே வரை போன பெண்களின் கணவன்மார் ஒரு போத்தலில் மாதிரி கொடுப்பதற்கு ஒரு வருடம் எடுத்ததை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். அதுவரை ஊர் அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் சூட்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் ஒப்பீட்டளவில் குறைவு என்னும் பரிசோதனையை, இருவரையும் ஆராயத் தொடங்கும் முதல் நாளிலேயே செய்ய வேண்டும். நீங்கள் கொடுத்தது மட்டுமல்லாமல் இங்கே வந்து எழுதியதும் எனக்கு நிறைவாக இருக்கிறது.

பழைய நுணுக்குக்காட்டி

தம்பி, நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் இரண்டு தாள்களையும் பற்றிப் பேசுவதற்கு முன் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. இவற்றை உங்களிடம் ஏற்கெனவே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதுவே அந்த ஆய்வுகூடத்தைப் பற்றி ஒரு தகவல்.

மாதிரி கொடுப்பதற்கு முன் எத்தனை நாட்கள் உறவின்றி இருந்தீர்கள்? குறைந்தது இரண்டு நாட்கள், கூடியது ஏழு நாட்கள் என்பது விதி. ஒரே நாள் இடைவெளியில் கொடுத்தால் அளவும் எண்ணிக்கையும் குறையும். பத்து நாட்கள் விட்டால் எண்ணிக்கை கூடும், ஆனால் இறந்த அணுக்களும் கூடும். வெளிவந்தது முழுவதும் போத்தலுக்குள் விழுந்ததா? எங்கே வைத்து எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், ஆய்வுகூடத்தில் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், இடையில் போத்தல் எங்கே இருந்தது? கடந்த மூன்று மாதங்களுக்குள் டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்ததா? விதைக்குள் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள் எடுக்கும். அதற்குப் பிறகு விதைமேற்குழாயின் வழியாக முதிர்ந்து வர இன்னும் ஒன்றிரண்டு வாரங்கள். ஆகவே இன்று போத்தலில் இருப்பது மூன்று மாதத்துக்கு முன் உங்கள் உடம்பு இருந்த நிலையின் விளைவு. 2017இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு பரவிய காலத்துக்குப் பிறகு, காய்ச்சல் கண்டவர்களிடம் மூன்று மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்வதை நான் ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டேன்.

உப்புவெளி வாசி

ஐயா, நீங்கள் கேட்டவற்றில் ஒன்றைக்கூட முதல் ஆய்வுகூடத்தில் கேட்கவில்லை. போத்தலைத் தந்து, வீட்டில் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பதற்றத்தில் முதலில் வந்த பகுதி தவறிவிட்டது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் மிகுதியை மட்டும் மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியில் ஒரு வேலையாக ஓரிடத்தில் நிற்க வேண்டி வந்தது. போத்தல் நன்றாகக் குளிரூட்டப்பட்ட வாகனத்துக்குள் இருந்தது. கையில் கொடுக்கும்போது ஒரு மணி நாற்பது நிமிடங்கள் ஆகியிருந்தன. இரண்டாவது இடத்தில் அங்கேயே ஓர் அறை தந்தார்கள். மூன்று நாட்கள் இடைவெளி விட்டுத்தான் போனேன். அண்மையில் காய்ச்சல் எதுவும் வரவில்லை.

பழைய நுணுக்குக்காட்டி

வெட்கத்தை விட்டு எழுதியதற்கு நன்றி. நீங்கள் எழுதிய இந்த நாலு வரியில் முதல் தாளின் பெரும்பகுதிக்கு விளக்கம் இருக்கிறது.

விந்து ஒரே கலவையாக வெளிவருவதில்லை. முதலில் வரும் பகுதியில் புரோஸ்டேட் சுரப்பியின் நீரும் அதனோடு பெரும்பாலான விந்தணுக்களும் வருகின்றன. பின்னால் வருவது பெரும்பாலும் விந்துப்பைகளின் சுரப்பு, அதில் அணுக்கள் குறைவு. முதற்பகுதி தவறினால் அளவில் சிறிதுதான் குறையும், எண்ணிக்கையிலோ பெரிய துண்டு விழும். அப்படிப்பட்ட மாதிரியில் இருந்து செறிவைக் கணக்கிடுவது, வலையைக் கரைக்கு இழுக்கும்போது மடி கிழிந்து மீன் போன பிறகு, எஞ்சியதை நிறுத்துக் கடலில் இருந்த மீனுக்குக் கணக்குச் சொல்வது போன்றது. அந்த மாதிரியை ஏற்றிருக்கவே கூடாது. குறைந்தபட்சம் அறிக்கையில் "மாதிரி முழுமையற்றது" என்று எழுதியிருக்க வேண்டும்.

அசைவைப் பார்ப்போம். விந்து வெளிவந்தவுடன் கூழ்போல் உறைந்து, பிறகு 15 முதல் 30 நிமிடங்களில் தானாகவே நீர்த்துவிடும். அது நடந்த பிறகு, முடிந்தால் அரை மணி நேரத்துக்குள், எப்படியும் ஒரு மணி நேரத்துக்குள் நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்க வேண்டும். நேரம் போகப் போக அணுக்கள் சோர்ந்து நின்றுவிடும். வழியில் 20 பாகை செல்சியசுக்குக் குறையாமலும் 37 பாகைக்குக் கூடாமலும் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரின் அறை வெப்பநிலை இதற்கு நல்லதுதான். கெடுப்பது நிலாவெளி வீதி வெயிலில் மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் வைப்பதும், குளிரூட்டியின் வாயில் வைப்பதுமே. சிலர் பாலைப்போல் இதுவும் பழுதாகாமல் இருக்கட்டும் என்ற எண்ணத்தில் ஐஸ் போட்டுக்கூடக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு மணி நாற்பது நிமிடம் குளிரில் இருந்த அணுக்களில் 20 சதவீதம் அசைந்தது என்றால், அதில் இருந்து உங்கள் உண்மையான அசைவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இனி நீங்கள் மிகவும் பயந்த உருவக் கணக்கு. 70 என்பதும் 5 என்பதும் இரண்டு வெவ்வேறு அளவுகோல்கள். பழைய முறையில், தலை இரண்டாகவோ வால் சுருண்டோ பார்த்தவுடன் தெரியும் கோளாறு இருந்தால் மட்டுமே "இயல்பற்றது" என்று ஒதுக்குவார்கள். அப்படி எண்ணினால் 70 வருவதில் வியப்பில்லை. இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது கடுமையான அளவுகோல். கண்ணாடி வழுக்கியில் மெல்லியதாகத் தடவி, உலரவிட்டு, பாபனிகொலாவ் முறையிலோ அதற்கு இணையான முறையிலோ சாயமிட்டு, எண்ணெய் வில்லையால் ஆயிரம் மடங்கு பெருப்பித்து, ஒவ்வோர் அணுவாகப் பார்க்க வேண்டும். தலை ஒழுங்கான நீள்வட்டமாக, ஏறத்தாழ 4 முதல் 5 மைக்ரோமீற்றர் நீளத்தில் இருக்க வேண்டும். அதன் முன்பகுதியை மூடும் தொப்பி போன்ற பாகம் தலையின் பரப்பில் 40 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். நடுத்துண்டு தலையின் அச்சோடு நேராக இருக்க வேண்டும். வால் தலையைப்போல் பத்து மடங்கு, ஏறக்குறைய 45 மைக்ரோமீற்றர், முறியாமல் இருக்க வேண்டும். இவற்றில் எதிலாவது ஐயம் வந்தால் அது இயல்பற்ற பக்கத்தில் சேரும். இந்தக் கணக்கில், குழந்தை பெற்ற ஆண்களுக்கே கீழெல்லை 4 சதவீதம்தான். ஆகவே தம்பி, உங்கள் 5 மோசமான எண் அல்ல. அந்த 70தான் எந்த அளவுகோலில் வந்தது என்று விசாரிக்க வேண்டிய எண்.

கணக்கு வாத்தியார், தம்பலகாமம்

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நான் உயிரியல் படித்தவன் அல்ல, ஆனால் எண்ணுவதைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. செறிவு 9 மில்லியன் என்று எழுதும்போது அவர்கள் உண்மையில் எத்தனை விந்தணுக்களைக் கண்ணால் எண்ணியிருப்பார்கள்?

பழைய நுணுக்குக்காட்டி

வாத்தியார் கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. இதற்கு நான் சற்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எண்ணுவது நியூபவர் கூடம் என்ற தடித்த கண்ணாடித் தட்டில். அதன் மேல் மூடுகண்ணாடியை அழுத்திப் பொருத்தினால் இடையில் சரியாக 0.1 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். நடுவில் உள்ள கட்டம் ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர். அது 25 சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆக அந்த நடுக்கட்டத்தின் மேல் நிற்கும் திரவம் 0.1 மைக்ரோலீற்றர். மாதிரியை அப்படியே வைத்தால் அணுக்கள் ஓடிக்கொண்டிருக்கும். எனவே 50 மைக்ரோலீற்றர் விந்துடன் 950 மைக்ரோலீற்றர் போமலின் கலந்த கரைசலைச் சேர்த்து, இருபது மடங்கு ஐதாக்கி, அசையாமல் நிறுத்திவிடுவோம். பிறகு ஈரமான பெட்டிக்குள் சில நிமிடங்கள் வைத்து அணுக்கள் அடியில் படியவிட்டு எண்ணுவோம்.

வேலை மிகுந்த ஆய்வுகூடங்களில், இரத்த அணுக்களை எண்ணும் பழக்கத்தில், 25 சதுரங்களில் நான்கு மூலையையும் நடுவையும் மட்டும் எண்ணி நிறுத்திவிடுவார்கள். ஐந்து சதுரங்களின் திரவம் 0.02 மைக்ரோலீற்றர். இருபது மடங்கு ஐதாக்கலையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்: எண்ணிய ஒவ்வோர் அணுவும் மில்லிலீற்றருக்கு ஒரு மில்லியனாக மாறும். 9 மில்லியன் என்றால், அவர்கள் பார்த்தது ஒன்பது விந்தணுக்கள்.

அவர்கள் அப்படித்தான் எண்ணினார்கள் என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை, நான் அங்கே இருக்கவில்லை. ஆனால் அப்படி எண்ணும் வழக்கம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கைநூல் கேட்பது வேறு: மாதிரியில் இருந்து இரண்டு தனித்தனி ஐதாக்கல்கள் செய்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 200 அணுக்களை எண்ணி, இரண்டு எண்ணிக்கைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவருகின்றனவா என்று பார்த்து, ஒத்துவராவிட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். உங்கள் மாதிரி போன்று செறிவு குறைந்த ஒன்றில் நடுக்கட்டம் முழுவதிலும் நாற்பத்தைந்து அணுக்கள்தான் கிடைக்கும். ஆகவே பக்கத்துக் கட்டங்களுக்கும் போக வேண்டும், அல்லது ஐதாக்கலை ஐந்து மடங்காகக் குறைக்க வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குத்தான் நோயாளி காசு கொடுக்கிறார் என்பதை என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறேன்.

கணக்கு வாத்தியார், தம்பலகாமம்

அப்படியானால் கணக்கு தெளிவாகிவிட்டது. தற்செயலாகச் சிதறிக் கிடக்கும் பொருட்களை எண்ணும்போது வரும் வழு, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் அளவு. ஒன்பதை எண்ணினால் வழு மூன்று, அதாவது 33 சதவீதம். இரண்டு மடங்கு வழுவுக்கு இடம் விட்டால் உண்மையான பெறுமானம் 3 மில்லியனுக்கும் 15 மில்லியனுக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். மொத்தம் 400ஐ எண்ணினால் வழு இருபது, அது 5 சதவீதம் மட்டுமே. மாதிரியில் எந்தக் குறையும் இல்லாதிருந்தால்கூட, அந்த முதல் தாளில் இருந்த எண்ணுக்கு அவ்வளவுதான் பெறுமதி. தம்பி, ஒன்பது அணுக்களுக்காக நீங்கள் மூன்று வாரம் உறக்கம் இழந்திருக்கிறீர்கள்.

அலஸ்தோட்டம்

இவ்வளவு சிரமம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது கணினி பொருத்திய கருவிகள் வந்துவிட்டன. கமெராவில் படம் எடுத்து, எண்ணிக்கை, வேகம் எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் தசமத்தோடு தந்துவிடுகின்றன. மனிதக் கண்ணைவிட அவை நம்பத்தக்கவை அல்லவா? இன்னும் கண்ணால் எண்ணுவது காலங்கடந்த வேலை.

பழைய நுணுக்குக்காட்டி

கருவிகளை நான் வெறுப்பவன் அல்ல. அணுவின் வேகத்தையும் பாதையையும் அளப்பதில் கண்ணால் அவற்றுக்கு ஈடு கொடுக்க முடியாது. ஆனால் எண்ணும் விடயத்தில் கருவிக்கு ஒரு குறை உண்டு: விந்தணுத் தலையின் பருமனில் இருக்கும் தூசியையும் வேறு உயிரணுத் துணுக்குகளையும் அது அசையாத விந்தணு என்று எண்ணிவிடும். செறிவு மிகக் குறைந்த மாதிரியில் இது பெரிய பிழையாகும்; செறிவு மிகக் கூடிய மாதிரியில் அணுக்கள் ஒன்றையொன்று மோதிக் குறுக்கிடும்போது பாதைகளைக் குழப்பிவிடும். கருவியின் கீழ் வைக்கும் துளியை எடுப்பதும் மனிதன்தான். விந்தை நன்றாகக் கலக்காமல், பிசுபிசுப்பான திரவத்தைச் சாதாரண பிப்பெற்றால் உறிஞ்சினால், 50 மைக்ரோலீற்றர் என்று நினைத்தது 40 ஆக இருக்கும். அந்தப் பிழையும் தசமத்தோடு அழகாக அச்சாகி வரும்.

கண்ணால் அசைவைப் பார்ப்பதும் ஒரு மேலோட்டமான மதிப்பீடு அல்ல. 10 மைக்ரோலீற்றர் துளியை வழுக்கியில் இட்டு, 22 மில்லிமீற்றர் சதுர மூடுகண்ணாடியால் மூடினால் 20 மைக்ரோமீற்றர் ஆழம் கிடைக்கும். அணு தன் தலையைச் சுழற்றி நீந்துவதற்கு அவ்வளவு ஆழம் வேண்டும். 37 பாகைச் சூட்டில், 200 அணுக்களை, வேகமாக முன்னேறுவன, மெதுவாக முன்னேறுவன, இருந்த இடத்தில் துடிப்பன, அசையாதன என்று நான்காகப் பிரித்து எண்ண வேண்டும். செக்கனுக்கு 25 மைக்ரோமீற்றர் கடப்பது வேகமானது. உலக சுகாதார நிறுவனக் கைநூலின் 2010ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் முதல் இரண்டு வகைகளையும் ஒன்றாக்கியிருந்தார்கள். 2021இல் வந்த ஆறாம் பதிப்பில் மறுபடி பிரித்துவிட்டார்கள். அது நல்ல முடிவு என்பது என் கருத்து, ஏனெனில் வேகமாகப் போகும் அணு ஒன்றும் இல்லாத மாதிரியை வெறும் "முன்னேறுவன 30 சதவீதம்" என்ற சொல்லுக்குள் மறைத்துவிடலாம்.

அசையாதது எல்லாம் இறந்ததும் அல்ல. அசைவு 40 சதவீதத்துக்குக் குறைந்தால் உயிர்ப்புப் பரிசோதனை கட்டாயம். இயோசின் சாயத்தில் இறந்த அணுவின் தலை சிவக்கும்; உயிருள்ளது வெண்மையாக நிற்கும், ஏனெனில் அதன் மென்சவ்வு சாயத்தை உள்ளே விடாது. இன்னொரு முறையில், செறிவு குறைந்த உப்பு, சர்க்கரைக் கரைசலில் அணுக்களை விட்டால் உயிருள்ளவை நீரை உள்ளிழுத்து வால் வீங்கிச் சுருளும். இந்த இரண்டாவது முறையில் சாயமே இல்லாததால், செயற்கைக் கருத்தரிப்பில் முட்டைக்குள் ஊசியால் செலுத்துவதற்கு அசையாத அணுக்களில் உயிருள்ளதைப் பொறுக்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அசைவே இல்லாமல் உயிர்ப்பு மட்டும் அதிகமாக இருந்தால் வாலின் அமைப்பில் பிறவிக் குறை இருக்கலாம். உயிருள்ளவற்றின் சதவீதம் அசைவனவற்றைவிடக் குறைவாக அச்சிடப்பட்டிருந்தால், அந்த அறிக்கையில் ஏதோ பிழை இருக்கிறது, இறந்தது நீந்தாது.

பாலத்துக்கு அப்பால், கிண்ணியா

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் கிண்ணியாவில் இருந்து எழுதுகிறோம். ஆய்வுகூடத்தின் அறையில் அந்த முறையில் மாதிரி எடுப்பதற்கு என் சகோதரருக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் மனைவியுடன் இருக்கும்போது சாதாரண ஆணுறையில் எடுத்துக்கொண்டு வரலாமா? பாலம் வந்த பிறகு நகரத்துக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடலாம்.

பழைய நுணுக்குக்காட்டி

வ அலைக்கும் ஸலாம். சாதாரண ஆணுறை வேண்டாம். அதன் உட்பூச்சு விந்தணுவுக்குக் கேடு. அசைவே இல்லை என்று தவறான முடிவு வந்துவிடும். வழுக்கும் திரவங்களும் அப்படியே. இதற்கென்றே நச்சற்ற விசேட உறை இருக்கிறது. கருவள நிலையங்களில் கேட்டால் பெற்றுத்தர முடியும். இடைநிறுத்தி வெளியே எடுக்கும் முறையும் நல்லதல்ல, முதற்பகுதி தவறிவிடும். உறையில் எடுத்தால் வாயைக் கட்டி, ஆய்வுகூடம் கொடுத்த போத்தலுக்குள் நிமிர்த்தி வைத்து, சட்டையின் உட்பையில் உடம்போடு அணைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரட்டும். போத்தலில் எடுத்த நேரத்தையும் "விசேட உறை" என்பதையும் எழுதச் சொல்லுங்கள். முதல் நாளே ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டால், வரும்போது கருவியைத் தயாராக வைத்திருப்பார்கள்.

பெயர் வேண்டாம்

எனக்கு இரண்டு முறை கரு தங்கி இரண்டு மாதத்துக்குள் கலைந்துவிட்டது. கணவரின் அறிக்கையில் எல்லா எண்களும் நல்லதாகவே இருக்கின்றன. விந்தணுவின் டிஎன்ஏ பரிசோதனை என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கொழும்புக்கு அனுப்பிச் செய்வது பயன் தருமா?

பழைய நுணுக்குக்காட்டி

மகளே, உங்களுக்கு நேர்ந்ததற்கு மனம் வருந்துகிறேன். நீங்கள் கேட்பது பொருத்தமான கேள்வி. வழமையான பரிசோதனை அணுவின் எண்ணிக்கையையும் நடையையும் வெளித்தோற்றத்தையும் சொல்லும். தலைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் பாரம்பரியச் சுருள் முறிந்திருக்கிறதா என்று சொல்லாது. அதை அறிய நான்கு முறைகள் வழக்கில் உள்ளன. ஒன்றில் அணுக்களை மெல்லிய அகார் படலத்தில் பதித்து, அமிலத்தில் நனைத்து, புரதத்தைக் கரைத்துவிட்டுப் பார்ப்பார்கள். டிஎன்ஏ முறியாத தலையைச் சுற்றி நிலவுக்கு ஊர்கோள் கட்டியதுபோல் ஒளிவட்டம் விரியும். முறிந்ததற்கு வட்டம் சிறுத்திருக்கும் அல்லது இராது. சிறிய ஆய்வுகூடத்திலும் செய்யக்கூடியது இதுதான். இன்னொன்றில் ஒரு சாயம் ஒழுங்கான இரட்டை இழையைப் பச்சையாகவும் பிரிந்த ஒற்றை இழையைச் சிவப்பாகவும் ஒளிரச் செய்ய, கருவி ஆயிரக்கணக்கான அணுக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும். முறிந்த முனைகளில் அடையாளம் ஒட்டும் முறையும், மின்புலத்தில் வால்வெள்ளிபோல் இழுத்துப் பார்க்கும் முறையும் மற்ற இரண்டு.

ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் எல்லையோடு ஒப்பிடக் கூடாது. முதற்கட்டமாக எல்லா ஆண்களுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை என்பதே இன்றைய வழிகாட்டல், சிலர் வீணாகச் செலவழிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். ஆனால் கரு மீண்டும் மீண்டும் கலையும் தம்பதிகளில் இதைப் பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது. உங்கள் வைத்தியர் இருவருக்கும் நிறமூர்த்தப் (குரோமோசோம்) பரிசோதனையையும் சேர்த்துக் கேட்கலாம். கணவர் புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தட்டும். நீண்ட நாட்கள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் முறிவு கூடுதலாகத் தெரியும்; ஆகவே நாட்கணக்கைக் குறித்துக் கொடுங்கள்.

சாம்பல்தீவு

என் அறிக்கையில் "விந்தணு இல்லை" என்று ஒரே ஒரு வரி. அதற்கு மேல் என்ன இருக்கிறது?

பழைய நுணுக்குக்காட்டி

நிறைய இருக்கிறது, தம்பி. ஒரு துளியில் காணவில்லை என்பதை வைத்து "இல்லை" என்று எழுதக் கூடாது. மாதிரியை 3000 ஜி (புவியீர்ப்பின் 3000 மடங்கு) விசையில் 15 நிமிடங்கள் சுழற்றி, அடியில் படிந்ததை முழுவதும் தேட வேண்டும். ஒரு சில அணுக்கள் கிடைத்தாலும் சிகிச்சையின் வழி மாறிவிடும். இன்னொரு நாளிலும் மாதிரி கொடுக்க வேண்டும். இரண்டிலும் இல்லை என்றால், அளவையும், அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச் பெறுமானத்தையும் பாருங்கள். அளவு மிகக் குறைந்து, பீஎச் 7.2க்குக் கீழே இறங்கி, விந்துப்பைகள் சுரக்கும் பிரக்டோஸ் என்ற சர்க்கரையும் காணாவிட்டால், வழி அடைபட்டிருக்கிறது அல்லது குழாய் பிறவியிலேயே அமையவில்லை. விதை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கக்கூடும். அளவு சரியாக இருந்து, விதையைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஓமோன் இரத்தத்தில் உயர்ந்திருந்தால் குறை விதையில். அப்போது நிறமூர்த்தப் பரிசோதனையும் வை நிறமூர்த்தத்தின் சிறு இழப்புகளுக்கான பரிசோதனையும் வரும். உடற்பயிற்சி நிலையத்தில் யாராவது சொல்லி டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டிருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். அது மூளையில் இருந்து விதைக்கு வரும் கட்டளையை நிறுத்தி விந்தணு உற்பத்தியை முற்றாக அணைத்துவிடக்கூடியது. நிறுத்திய பிறகு பெரும்பாலானோருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பி வரும்.

உப்புவெளி வாசி

அனைவருக்கும் மீண்டும் வணக்கம். மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். இம்முறை கேட்க வேண்டியவற்றைக் கேட்டு ஓர் ஆய்வுகூடத்தைத் தெரிந்தெடுத்தேன். அங்கே வெறும் போத்தலை முதலில் தராசில் நிறுத்து, நிறையை மூடியில் எழுதித் தந்தார்கள். மாதிரி கொடுத்தவுடன் நேரத்தைக் குறித்து, மறுபடி நிறுத்து, கிராம் ஒன்றுக்கு ஒரு மில்லிலீற்றர் என்று அளவைக் கணக்கிட்டு, 37 பாகை இன்கியுபேட்டருக்குள் வைத்தார்கள். அறிக்கையில் எத்தனை அணுக்களை எண்ணினார்கள் என்பதும் இருக்கிறது: இரண்டு ஐதாக்கல்களில் ஒவ்வொன்றிலும் 200க்கு மேல்.

அளவு 2.1, செறிவு 22 மில்லியன், முன்னேறுவன 29 சதவீதம், மொத்த அசைவு 41, உயிருள்ளவை 60, இயல்பான உருவம் 3. வைத்தியர் நிற்கவைத்துப் பரிசோதித்து, இடப்பக்க விதைப்பையில் நாளங்கள் புடைத்திருப்பதாகக் கையாலேயே உணர்ந்து சொன்னார். முன்னேறுவன, மொத்த அசைவு, உருவம் ஆகியவற்றுக்குக் கீழெல்லைகள் 30, 42, 4 என்று போட்டிருக்கிறது. மூன்றிலும் ஒவ்வோர் எண்ணால் தோற்றுவிட்டேனா?

கணக்கு வாத்தியார், தம்பலகாமம்

தோற்கவில்லை. 400 அணுக்களில் 29 சதவீதம் என்று வந்தால், உண்மை ஏறத்தாழ 24 முதல் 34 வரை எங்கேயும் இருக்கலாம். 30 அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. 29க்கும் 30க்கும் இடையிலான கோடு தாளில் இருக்கும் கோடு மட்டுமே.

பழைய நுணுக்குக்காட்டி

வாத்தியார் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். அந்த எல்லைகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பயம் குறையும். மனைவி ஓராண்டுக்குள் கருத்தரித்த ஆண்களின் மாதிரிகளை உலகின் பல நாடுகளில் சேர்த்து வரிசைப்படுத்தி, அடியில் இருந்து ஐந்தாவது சதவீதத்தில் நிற்பவரின் எண்ணைக் கீழெல்லையாக எழுதினார்கள். ஆகவே அந்தக் கோட்டுக்குக் கீழே நின்ற ஐந்து சதவீதத்தினரும் தகப்பன்மாரே. கோட்டுக்கு மேலே நிற்பவர்களிலும் குழந்தை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். 1999இன் பதிப்பில் செறிவுக்கு 20 மில்லியன் என்றிருந்தது, 2010இல் 15 ஆனது, 2021இல் 16 ஆனது. அறிக்கையில் எந்தப் பதிப்பின் எல்லை அச்சிடப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். எங்கள் பகுதியில் இன்னும் பழைய 20ஐ வைத்து "குறைவு" என்று சிவப்பில் கோடு போடுவோர் உண்டு.

உங்கள் தாளில் நான் முதலில் பார்ப்பது அளவையும் செறிவையும் பெருக்கி வரும் மொத்த எண்ணிக்கை: 46 மில்லியன், எல்லையான 39க்கு மேலே. விதையின் உற்பத்தியைச் சொல்வது அந்த எண்தான். செறிவு, சுரப்பிகள் எவ்வளவு நீர் சேர்த்தன என்பதைப் பொறுத்து மாறும். உயிருள்ளவை 60, அசைவன 41, ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இது நம்பத்தக்க அறிக்கை. நீங்கள் எல்லையோரத்தில் நிற்கிறீர்கள். கையால் உணரக்கூடிய நாளப் புடைப்பும், எல்லையோர எண்களும், நான்கு ஆண்டுக் காத்திருப்பும் சேரும்போது சத்திரசிகிச்சையைப் பற்றி வைத்தியரோடு பேசுவதற்கு நியாயம் இருக்கிறது. ஸ்கானில் மட்டும் தெரியும் சிறு புடைப்புக்கு அப்படிச் சொல்லமாட்டேன். மனைவியின் வயதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், ஏனெனில் சத்திரசிகிச்சையின் பலன் தெரிய முதலில் மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும்.

உப்புவெளி வாசி

மனைவியும் நானும் சேர்ந்தே அடுத்த வாரம் போகிறோம், ஐயா. அவருக்கு முப்பத்திரண்டு வயது. இந்த இழை முழுவதையும் அவரும் படித்தார். மூதூர் அக்கா எழுதியதை இரண்டு தரம் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அந்த முதல் தாளைக் கிழித்துவிடவா, அல்லது அதையும் கொண்டுபோவதா?

பழைய நுணுக்குக்காட்டி

கிழிக்க வேண்டாம், மூன்றையும் தேதி வரிசையில் கொண்டுபோங்கள். முதல் தாளின் ஓரத்தில் பேனாவால், "முதற்பகுதி தவறியது, குளிரில் ஒரு மணி நாற்பது நிமிடம்" என்று உங்கள் கைப்பட எழுதி வையுங்கள். வைத்தியர் அதைப் பார்த்தவுடன் மற்ற இரண்டு தாள்களுக்குப் போய்விடுவார்.